உயில் எதுவரை செல்லும்?

2017 டிசம்பரில் பிரான்சின் புகழ்பெற்ற ராக் பாடகர் ஜானி ஹாலிடே இறந்தார். பாரிஸின் ஷான்செலிசே சாலை மக்கள் வெள்ளத்தில் மூழ்கியது. இரண்டே மாதத்தில் அவர் பெயர் மீண்டும் தலைப்புச் செய்தியானது, இந்த முறை ஒரு வழக்கால். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலச் சட்டப்படி 2014இல் அவர் எழுதிவைத்த உயிலில் சொத்து முழுவதும் மனைவி லெத்திசியாவுக்குப் போயிருந்தது. முந்தைய உறவுகளில் பிறந்த மகன் தாவீதுக்கும் மகள் லோராவுக்கும் ஒன்றுமில்லை. கலிஃபோர்னியாவில் அப்படி எழுதலாம். பிரான்சில் எழுதினால் பிள்ளைகளின் பங்கை அது தொட முடியாது.

ஆகவே மனிதர் எங்கே வாழ்ந்தார் என்பதே வழக்கின் முதல் கேள்வியாயிற்று. இன்ஸ்டாகிராமில் வெளியான படங்களைக் கொண்டு, எந்த ஆண்டில் எத்தனை நாள் எந்த நாட்டில் இருந்தார் என்று மூத்த பிள்ளைகள் தரப்பு கணக்கெடுத்தது. அவரது வாழ்க்கை பிரான்சில்தான் வேரூன்றியிருந்தது, வழக்கைப் பிரெஞ்சு நீதிமன்றமே விசாரிக்கலாம் என்று 2019 மே மாதம் நான்தேர் நீதிமன்றம் சொன்னது. 2020இல் குடும்பம் சமரசத்துக்கு வந்தது.

உலகின் சட்ட முறைகளைப் பாடநூல்கள் சில குடும்பங்களாகப் பிரிக்கின்றன. நீதிபதிகளின் தீர்ப்புகளே அடுக்கடுக்காகச் சேர்ந்து சட்டமாக வளர்ந்த இங்கிலாந்து வழி ஒன்று. உரோமச் சட்டத்தில் பிறந்து, முழுமையான சட்டத்தொகுப்பாக எழுதப்பட்ட பிரெஞ்சு, ஜெர்மானிய வழி மற்றொன்று. சமய நூல்களிலிருந்து வளர்ந்த சட்டங்கள், ஊர் வழக்காறுகள், இவை கலந்த முறைகள் என்று பட்டியல் நீளும். வகைப்பாடு சரியானதே. ஆனால் இந்த வேறுபாடு சாதாரணக் குடும்பத்தின் கூடத்துக்குள் எப்படி வந்து இறங்குகிறது என்பதை அறிய உயிலைப் போன்ற சாளரம் வேறில்லை. ஒரு வீடு, மூன்று பிள்ளைகள். வீட்டை ஒரு பிள்ளைக்கு மட்டும் எழுதிவைக்கத் தந்தைக்கு உரிமை உண்டா? இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு சட்டமும் தரும் விடையில், சொத்து உண்மையில் யாருடையது என்ற அதன் நம்பிக்கை வெளிப்பட்டுவிடுகிறது.

பிரான்சின் விடை புரட்சியின் நெருப்பில் வடிக்கப்பட்டது. புரட்சிக்கு முன் அந்நாட்டின் வடக்கில் ஊர் வழக்காறுகளும் தெற்கில் உரோமச் சட்டமும் ஆண்டன. பிரபுக் குடும்பங்களில் மூத்த மகனே பெரும்பங்கை அள்ளிக்கொண்டான். பிள்ளைகளுக்குள் ஏற்றத்தாழ்வு செய்யும் அதிகாரத்தைத் தந்தையரிடமிருந்து பறிக்க வேண்டும் என்று வாதிட்டவர்களில் ஒருவர் புரட்சித் தலைவர் மிராபோ. இளமையில் தந்தையின் கட்டளையாலேயே சிறைப்பட்டவர் அவர். வாரிசுரிமைச் சமத்துவம் குறித்து அவர் எழுதிய உரையை அவர் இறந்த நாளிலேயே, 1791 ஏப்ரல் 2 அன்று, சக உறுப்பினர் தலெய்ரான் தேசிய அவையில் படித்தார். 1793 மார்ச்சில், பிள்ளைகள் உள்ளவர்கள் உயிலால் சொத்தைத் தம் விருப்பப்படி பிரிக்கும் உரிமையையே புரட்சி அரசு நீக்கியது. பெரும் குடும்பங்களின் செல்வக் குவிப்பை உடைக்க அதுவே நேரான வழி என்று புரட்சியாளர்கள் கருதினர்.

நெப்போலியனின் 1804ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தொகுப்பு ஒரு நடுவழியைக் கண்டது. ஒரு பிள்ளை இருந்தால் சொத்தில் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றோ அதற்கு மேலோ என்றால் நான்கில் மூன்று பங்கு பிள்ளைகளுக்கென ஒதுக்கப்பட்டது. எஞ்சியதை மட்டும் பெற்றோர் விரும்பியவருக்குத் தரலாம். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் பிள்ளைகளுக்கான இந்தக் கணக்கு அப்படியே நிற்கிறது. பிள்ளை நல்லவனா, தந்தையைக் கவனித்தானா, அவனுக்குப் பணம் தேவைதானா என்று நீதிபதி கேட்பதில்லை. பின்னம் போட்டுப் பங்கைப் பிரிக்கிறார். இது தற்செயல் அல்ல. புரட்சிக்கு முந்தைய நீதிமன்றங்களின் தன்னிச்சையைக் கண்டு வெறுத்த ஒரு தலைமுறை எழுதிய சட்டம் இது. வழக்கைத் தீர்க்கும்போது பொது விதி எதையும் நீதிபதி உருவாக்கக் கூடாது என்று அந்தத் தொகுப்பின் 5ஆவது பிரிவே தடை விதிக்கிறது.

ஜெர்மனியும் ஜப்பானும் இதே உணர்வைத் தமக்கேற்ப வடித்துக்கொண்டன. விலக்கப்பட்ட பிள்ளை வீட்டில் பங்கு கேட்க முடியாது, ஆனால் சட்டப்படியான தன் பங்கில் பாதி மதிப்பைப் பணமாகக் கேட்கலாம் என்பது ஜெர்மானிய முறை. பிள்ளைகளின் இந்த உரிமை அரசியலமைப்பின் பாதுகாப்பு பெற்றது என்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் 2005இல் உறுதிசெய்தது.

இங்கிலாந்து நேரெதிர்த் திசையில் நின்றது. தான் சம்பாதித்ததைத் தான் விரும்பியவருக்குத் தருவது சுதந்திர மனிதனின் உரிமை என்ற எண்ணம் அங்கே ஆழமானது. அதன் கொடுமையை முதலில் உணர்ந்து திருத்தியது ஆங்கிலச் சட்டக் குடும்பத்தின் கடைக்கோடி நாடான நியூசிலாந்து. நிர்க்கதியாக விடப்பட்ட மனைவியும் பிள்ளைகளும் நீதிமன்றத்தை நாடலாம் என்று 1900இல் அது சட்டம் இயற்றியது. இங்கிலாந்து 1938இல்தான் அந்த வழிக்கு வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 1975ஆம் ஆண்டுச் சட்டம். அதில் பின்னம் எதுவும் கிடையாது. 'நியாயமான ஏற்பாடு' செய்யப்பட்டிருக்கிறதா என்று நீதிபதி எடைபோட வேண்டும், அவ்வளவுதான்.

எடைபோடுவது எத்தனை கடினம் என்பதற்கு ஒரு வழக்கு போதும். 2004இல் இறந்த ஓர் ஆங்கிலேயப் பெண் தன் ஒரே மகளை அறவே ஒதுக்கிவிட்டு, ஏறக்குறைய 4,86,000 பவுண்டு சொத்தை விலங்கு நலத் தொண்டு நிறுவனங்களுக்கு எழுதிவைத்தார். பதினேழு வயதில் காதலனோடு வீட்டை விட்டுப் போன மகளைத் தாய் கடைசிவரை மன்னிக்கவில்லை. மகளோ ஐந்து பிள்ளைகளோடு அரசு உதவித்தொகையில் வாழ்ந்தார். முதல் நீதிமன்றம் 2007இல் அவருக்கு 50,000 பவுண்டு கொடுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் அதை 1,43,000ஆக உயர்த்தியது. 2017இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் 50,000க்கே இறக்கியது. வயதுவந்த பிள்ளைக்குப் பங்கு தர வேண்டுமா, எதை வைத்து முடிவு செய்வது என்பதற்குச் சட்டத்தில் வழிகாட்டுதலே இல்லை என்று நீதிபதி ஹேல் தன் தனிக்குறிப்பில் வருந்தினார். இதே குடும்பம் பிரான்சில் இருந்திருந்தால், ஒரே மகளுக்கு உரிய பாதியான 2,43,000 பவுண்டு பத்தாண்டு வழக்கில்லாமல் கைக்கு வந்திருக்கும். தாயின் கோபத்துக்கு அங்கே மறுபாதியில் மட்டுமே இடம் உண்டு.

இரண்டு சட்டக் குடும்பங்களின் வேறுபாடு இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரிவதில்லை. ஒன்று எழுதிவைத்த கணக்கை நம்புகிறது, மற்றது நீதிபதியின் நிதானத்தை நம்புகிறது. கணக்கு விரைவானது, யாருக்கும் முகம் பார்க்காது. ஆனால் நோயில் கிடந்த தாயைப் பத்தாண்டு பார்த்துக்கொண்ட மகளையும் ஒருமுறைகூட எட்டிப்பார்க்காத மகனையும் அது ஒன்றாகவே நிறுத்தும். நிதானம் மனிதர்களைப் பிரித்தறியும். அதற்கு விலையாகக் காலத்தையும் வழக்குச் செலவையும் வாங்கிக்கொள்ளும். அந்த விலையைக் கொடுக்க இயலாதவருக்கு அந்த நீதி எட்டாது.

ஆங்கிலேயர் தாம் வென்ற நாடுகளின் உள்ளூர்ச் சட்டங்களைப் பெரும்பாலும் விட்டுவைத்தார்கள். ஆயினும் உயில் விஷயத்தில் தம் கொள்கையை அவற்றின் நடுவே நட்டுவிட்டுப் போனார்கள். பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தைக் கனடாவின் கியூபெக்குக்குத் திருப்பித் தந்த 1774ஆம் ஆண்டுச் சட்டமே, விரும்பியபடி உயில் எழுதும் சுதந்திரத்தையும் கூடவே சேர்த்துக் கொடுத்தது. இலங்கையிலும் இதுதான் நடந்தது. டச்சுக்காரர்கள் கொண்டுவந்த உரோம-டச்சுச் சட்டம் தொடரும் என்று 1799இல் பிரிட்டிஷார் பிரகடனம் செய்தனர். அந்தச் சட்டத்தில் பிள்ளைகளுக்கென ஒரு கட்டாயப் பங்கு இருந்தது. 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உயில் கட்டளைச் சட்டம் அதை எடுத்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் அதே பங்கு 1874இல் போயிற்று.

உரோம-டச்சுச் சட்டத்தின் கதை தனியே சொல்லத் தகுந்தது. ஹாலந்திலேயே 1809இல் பிரெஞ்சு மாதிரியிலான தொகுப்பு வந்து அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. பிறந்த மண்ணில் மறைந்த பிறகும் அது கொழும்பிலும் தென்னாப்பிரிக்காவின் புளும்ஃபொன்டெய்னிலும் உயிரோடிருக்கிறது. லூவஸ்டெய்ன் கோட்டைச் சிறையில் இருந்தபடி டச்சுச் சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸ் எழுதி, 1631இல் அச்சான டச்சுச் சட்ட அறிமுக நூல் இன்றும் இந்த நாடுகளின் நீதிமன்றங்களில் மேற்கோளாகும் தகுதி உடையது.

யாழ்ப்பாணத்தில் இந்தச் சட்டத்தின் அருகில் இன்னொன்றும் உண்டு. டச்சு ஆளுநர் சிமொன்ஸ் ஆணையின்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தமிழரின் வழக்கங்களைத் தொகுத்து 1707இல் அளித்தார். தமிழில் பெயர்த்து, பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டி ஒப்புதல் பெற்ற அந்தத் தொகுப்பே தேசவழமை. 1806இல் பிரிட்டிஷார் அதற்குச் சட்ட வலிமை கொடுத்தனர். சொத்து யாருடையது என்று கேட்குமுன் அது எந்த வழியில் வந்தது என்று தேசவழமை கேட்கிறது. பெற்றோர் வழி வந்தது முதுசம். மணத்தின்போது மகளுக்குத் தந்தது சீதனம். கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்த காலத்தில் சேர்ந்தது தேடியதேட்டம். தேடியதேட்டத்தில் பாதி மற்றவருடையது, ஆகவே கணவன் எழுதும் மரண சாசனம், அதாவது உயில், தன் பாதியைத் தாண்டி எட்டாது. காணியை விற்க வந்தால் பங்குதாரருக்கும் வாரிசுகளுக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு.

இப்படி மனைவியின் உழைப்புக்குப் பாதி பங்கைத் தந்த சட்டமே அவள் கையைக் கட்டவும் செய்தது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம், மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றது. 1923இல் உரோம-டச்சுச் சட்டத்தின் கீழ் வரும் மற்றப் பெண்களுக்குக் கிடைத்த விடுதலை தேசவழமைப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை. வழக்காற்றைக் காப்பது என்ற நல்ல நோக்கத்தோடு எழுதிவைத்த சட்டம், அந்த வழக்காறு தானே மாறியிருக்கக்கூடிய காலத்திலும் அதை உறையவைத்துவிடும். தேசவழமை அதற்குக் கண்முன் நிற்கும் சான்று.

இஸ்லாமியச் சட்டத்தின் விடை எண்களில் பிரெஞ்சு விடைக்கு நெருங்கி வருகிறது, காரணத்தில் வெகுதூரம் விலகி நிற்கிறது. யார் யாருக்கு எவ்வளவு என்பதைத் திருக்குர்ஆனே பங்கிட்டுவிடுகிறது. மனிதன் தன் விருப்பத்துக்கு எடுத்துக்கொள்ளக்கூடியது மூன்றில் ஒரு பங்கு. சுன்னி மரபில், மற்ற வாரிசுகள் சம்மதித்தாலன்றி அந்தப் பங்கையும் ஒரு வாரிசுக்கு எழுத முடியாது. மகள் வாரிசு என்பதில் ஐயமே இல்லை. ஆனால் அவளுக்கு மகனுடைய பங்கில் பாதி.

இந்த முறையும் ஐரோப்பியச் சட்டத்தொகுப்பும் மோதிய ஓரிடம் கிரீஸின் மேற்குத் திரேஸ். அங்குள்ள முஸ்லிம் சிறுபான்மையினர் ஒருவர் 2003இல் கிரேக்கச் சட்டப்படி ஆவணப் பதிவாளர் முன் உயில் எழுதிச் சொத்து முழுவதையும் மனைவிக்குத் தந்தார். 2008இல் அவர் இறந்ததும், முஸ்லிமுக்கு இஸ்லாமியச் சட்டமான ஷரியத்தே பொருந்தும் என்று அவருடைய சகோதரிகள் நான்கில் மூன்று பங்கைக் கேட்டனர். கிரேக்கத்தின் உயர்ந்த நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. விதவை ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குப் போனார். ஒருவர் பிறந்த சமூகத்தைக் காட்டி, மற்றக் குடிமக்களுக்குள்ள சட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மறுக்கக் கூடாது என்று 2018 டிசம்பரில் அந்த நீதிமன்றம் தீர்த்தது. அதே ஆண்டின் தொடக்கத்திலேயே கிரீஸ் தன் சட்டத்தைத் திருத்தி, ஷரியத்தை விரும்பியவர் மட்டும் ஏற்கும் ஒன்றாக மாற்றியிருந்தது.

பிறந்த சமூகத்தின் சட்டத்தை விட்டு வெளியேறும் இந்த உரிமையைப் புதுச்சேரி 1881லேயே கண்டுவிட்டது. இந்தியர்களை அவரவர் சாதி, சமய வழக்கப்படியே நீதிமன்றங்கள் நடத்தும் என்று 1819 ஜனவரி 6ஆம் நாள் பிரெஞ்சு அரசு உறுதியளித்திருந்தது. பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் 1873இல் ஐரோப்பியரைப் போல் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் போனதற்காக வெளியேற்றப்பட்டார். பாரிஸின் உச்ச முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று அவர் வென்றார். 1881 செப்டம்பர் 21 ஆணை, விரும்பும் இந்தியர் தம் தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வரலாம் என்று வழி திறந்தது. அப்படித் துறந்தவர்கள் பிரெஞ்சு முறைக் குடும்பப்பெயர் ஒன்றை ஏற்க வேண்டும். பொன்னுத்தம்பி தேர்ந்துகொண்ட பெயர் லப்போர்த்; பிரெஞ்சில் அதற்கு வாசல் என்று பொருள்.

ரெனோன்சான் எனப்படும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கு அந்த வாசல் இன்னும் மூடவில்லை. 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. இந்துத் திருமணச் சட்டமும் இந்து வாரிசுரிமைச் சட்டமும் மறு ஆண்டு அங்கே நீட்டிக்கப்பட்டபோது, ரெனோன்சான்களுக்கு இவை பொருந்தா என்று ஓர் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. ஆகவே புதுச்சேரியில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழும் இரண்டு தமிழ்க் குடும்பங்களில், ஒரு தந்தை தன் சுயசம்பாத்திய வீட்டை ஒரு மகனுக்கு மட்டும் எழுதிவைக்கலாம். மற்றத் தந்தைக்கு மூன்று பிள்ளைகள் என்றால் நெப்போலியன் காலத்துக் கணக்கின்படி நான்கில் மூன்று பங்கைத் தொட முடியாது. இரண்டு வழக்குகளுக்கும் மேல்முறையீடு சென்னை உயர் நீதிமன்றத்தில்தான்.

சென்னைக்கு வந்தால், உயில் என்ற சொல்லே ஆங்கிலத்திலிருந்து வந்தது. பழைய இந்து சட்டத்தில் உயிலுக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் வழங்கிய மிதாட்சர முறையில் பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு. தந்தையால் அதை வெளியே எழுதிவைக்க முடியாது. வங்காளத்தின் தாயபாக முறையில் தந்தைக்கு முழு உரிமை இருந்தது, உயிலும் அங்கேதான் எளிதாக வேர்பிடித்தது. கிறிஸ்தவராக மதம் மாறிய மகனை விலக்கி பிரசன்ன குமார் தாகூர் எழுதிய உயிலின் வழக்கில், இந்துக்களின் உயில் உரிமைக்கான எல்லைகளை அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1872இல் வகுத்தது. மிதாட்சரத்தின் மகனுக்கான பாதுகாப்பும் பிரெஞ்சுக்காரரின் ஒதுக்கீட்டுப் பங்கும் ஒரே கருத்தின் இரண்டு உருவங்கள்: சொத்து தலைமுறைகளுடையது, இன்று வைத்திருப்பவர் அதன் காவலர். மகளை அந்தத் தலைமுறைக் கணக்கில் சேர்க்காததே மிதாட்சரத்தின் குறை.

அந்தக் குறையைப் போக்கத் தமிழ்நாடு 1989இல் சட்டம் செய்தது. அதற்கு முன்பே மணமாகிவிட்ட மகள்களுக்கு அதில் இடமில்லை. 2005இல் நாடாளுமன்றம் அந்தத் தடையையும் எடுத்து, மகளையும் பிறப்பால் பங்காளி ஆக்கியது. தந்தை 2005க்கு முன்பே இறந்திருந்தாலும் அந்த உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. பெண்ணுரிமைக்காகப் போராடியவர்கள் கொண்டாடியதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் சட்டத்தின் மறுபக்கம் அதிகம் பேசப்படவில்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30ஆவது பிரிவு, மிதாட்சரம் தடுத்துவைத்திருந்ததையே திறந்துவிட்டது. கூட்டுக் குடும்பச் சொத்தில் தனக்குள்ள பங்கையும்கூட ஒருவர் உயிலால் யாருக்கு வேண்டுமானாலும் தரலாம். சுயசம்பாத்தியத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உயில் இல்லாதபோது மகளுக்கு உள்ள சமபங்கு, தந்தையின் ஒரு கையெழுத்தில் இல்லாமல் போகலாம். உயில் எழுதாத வீடுகளில் சார்பதிவாளர் அலுவலக வாசலில் அண்ணன் தம்பிகளுக்காகச் சகோதரிகள் போட்டுத்தரும் விடுதலைப் பத்திரம் அந்த வேலையைச் செய்கிறது.

பிரெஞ்சுக் கணக்கை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்வதில் இடர்கள் உண்டு. உடற்குறையுள்ள பிள்ளைக்குக் கூடுதலாக விட்டுச்செல்ல நினைக்கும் தாயின் கையை அது கட்டிவிடும். வேறு வழிகளும் உலகில் இருக்கின்றன. 2021இல் நடப்புக்கு வந்த சீன உரிமையியல் சட்டத்தொகுப்பு, உழைக்க இயலாத, வருமானமற்ற வாரிசுக்கு மட்டும் உயில் கட்டாயமாக ஒரு பங்கை விட வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் பிரெஞ்சு மரபைச் சுமக்கும் லூயிசியானா, 1990களில் கட்டாயப் பங்கை 23 வயதோ அதற்குக் குறைவாகவோ உள்ள பிள்ளைகளுக்கும் தம்மைத் தாமே பராமரிக்க இயலாதவர்களுக்கும் சுருக்கிக்கொண்டது. எந்த வழியைத் தேர்ந்தாலும், தந்தையின் பேனாவுக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதில் இந்தச் சட்டங்கள் ஒத்துப்போகின்றன. மகள்களுக்குச் சமபங்கு என்று சொல்லிவிட்டு அந்த எல்லையைப் போடாமல் விட்டது இந்தியச் சட்டத்தின் அரைகுறை வேலை.

இது புதிதாகத் தோன்றிய யோசனையும் இல்லை. இந்தியப் பெண்களின் நிலையை ஆராய அரசு அமைத்த குழு, 'சமத்துவத்தை நோக்கி' என்ற தன் 1974ஆம் ஆண்டு அறிக்கையில், பெண் வாரிசுகள் உரிமை இழக்காதிருக்க உயில் எழுதும் உரிமைக்கு வரம்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நாடாளுமன்றம் 30ஆவது பிரிவையும் கையில் எடுத்தது. 'அவனால்' என்று இருந்த இடத்தில் 'அவனால் அல்லது அவளால்' என்று மாற்றியது. வரம்பு எதுவும் சேர்க்கப்படவில்லை.